‘மறுஇயக்கம் மட்டும் போதும்’ என்று எழுதுமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கொட்டகைகளிலிருந்து வெளிவரும் பழைய இத்தாலியக் கார்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அந்தக் கார்களின் அழகையும், ஏலத்தில் அவை எட்டும் தொகைகளையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனால் அத்தகைய ஒரு காரை விற்க முன்வருபவர் வாங்க வருபவரிடம் எதையெல்லாம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நாற்பதாண்டுகளாக இவ்வகை எஞ்சின்களைப் பிரித்துக் கோத்தவன் நான். இப்போது அப்படி ஒரு காரை விற்கவேண்டிய நிலையிலும் இருக்கிறேன். ஆகவே விடுபட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

நான் விற்கவிருப்பது 1962-ஆம் ஆண்டின் மசெராட்டி 3500 ஜிடிஐ. என் அண்ணன் வாங்கி, ஆசையோடு ஓட்டி, உடல்நலம் குன்றியபோது 1996-இல் நிறுத்தி வைத்த கார் அது. அவர் காலமான பின் அது என் பொறுப்புக்கு வந்தது. அதை மறுபடி சாலைக்குக் கொண்டுவரும் வலு என் கைகளில் இனி இல்லை என்பதால், அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒருவரிடம் அதைச் சேர்ப்பதே முறை என்று முடிவு செய்தேன்.

இந்தக் காரை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். மோடெனா நகரத்து மசெராட்டி நிறுவனம் அதுவரை பந்தயக் கார்களையே தன் உயிராகக் கருதியிருந்தது. சாலைக் கார்களை மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் செய்தது. 1957-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான 3500 ஜிடிதான் அது தொடர் உற்பத்தியாகச் செய்த முதல் பெரிய கார். அதே ஆண்டு பந்தய ஓட்டுநர் ஃபாஞ்சியோ மசெராட்டியில் ஃபார்முலா 1 உலகப் பட்டம் வென்றார். அதே ஆண்டின் இறுதியில் நிறுவனம் பந்தயக் களத்திலிருந்து தன் அணியை விலக்கிக்கொண்டது. அதற்குப் பின் அந்த நிறுவனம் உயிர் பிழைத்ததே இந்தக் காரால்தான் என்று சொன்னால் மிகையாகாது. தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரி பந்தய எஞ்சினின் வழிவந்த ஒரு ஆறு சிலிண்டர் எஞ்சினை இதற்காக உருவாக்கினார்: 3485 கன சென்டிமீட்டர், வால்வுகளைத் திறந்து மூட மேலே இரண்டு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் 12 ஸ்பார்க் பிளக்குகள். கியர் பெட்டி ஜெர்மனியின் ஜெட்எஃப், பிரேக் இங்கிலாந்தின் கர்லிங், பின் அச்சு சாலிஸ்பரி. ஜிடி என்பதன் விரிவாகக் கிரான் தூரிஸ்மோ என்று இத்தாலியர்கள் சொல்லும் பொருளுக்கு இது முழுக்கத் தகும்: இருவர் தம் பெட்டிகளோடு ஏறி, ஒரே நாளில் நாடு கடந்து போய் இறங்கி, களைப்பின்றி இரவு உணவுக்கு அமரலாம்.

எல்லா வடிவங்களையும் சேர்த்து இரண்டாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட கார்களே செய்யப்பட்டன. ஆனாலும் ‘அரிதானது’ என்ற சொல்லை விளம்பரத்தில் தனியாக நிறுத்த நான் விரும்பவில்லை. அதே மசெராட்டியின் 5000 ஜிடி முப்பத்துச் சொச்சம்தான் செய்யப்பட்டது. அதன் பக்கத்தில் வைத்தால் 3500 அரிது அல்ல. என் அண்ணனின் காரில் அரிதாக இருப்பது வேறொன்று. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், என்னை இந்தக் கடிதம் எழுத வைத்த சொல்லுக்கு வருகிறேன். நெடுநாள் நின்ற காரைப் பற்றிய விளம்பரங்களில் ‘மறுஇயக்கம் மட்டும் போதும்’ என்று எழுதும் பழக்கம் பெருகிவிட்டது. மறுஇயக்கம் என்பது தெளிவான எல்லையுள்ள ஒரு வேலை. அடிப்படையில் நல்ல நிலையில் இருந்து, நின்றுபோனதால் மட்டும் உறைந்தவற்றையும் காய்ந்தவற்றையும் மாற்றி, காரை மறுபடி பாதுகாப்பாக ஓடவைப்பது அது. எண்ணெய்கள், பெட்ரோல் ஹோஸ்கள், பிரேக்கின் ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி, கேஸ்கட்டுகள், அடைத்துப்போன டாங்க் ஆகியவை அதில் அடங்கும். மறுசீரமைப்போ எஞ்சினை முழுதாகப் பிரித்து, உடலை உரித்து, அரித்த உலோகத்தை வெட்டிப் புதிதாகப் பொருத்தும் வேலை. முன்னது சில மாதங்களில் முடியும். பின்னது சில ஆண்டுகளை விழுங்கும், பல வேளைகளில் காரின் விலையையும் சேர்த்து விழுங்கும். ஆகவே ‘மறுஇயக்கம் மட்டும்’ என்று எழுதுபவர், எஞ்சினும் உடலும் அடிப்படையில் நலமாக இருக்கின்றன என்று உறுதி கூறுகிறார். அந்த உறுதியை எதன் பேரில் கூறுகிறார் என்பதை அவர் சொல்லியாகவேண்டும். பார்க்காமல் எழுதினால் அது பொய்யாகாமல் போகலாம், ஆனால் உண்மையும் ஆகாது.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். என் இளவயதில் நானும் அண்ணனும் சேர்ந்து ஒரு ஃபியட் டினோ கூபே 2400 வாங்கினோம். ஃபார்முலா 2 பந்தயத்துக்குத் தகுதி பெறப் போதிய எண்ணிக்கையில் தன் வி6 எஞ்சின் உற்பத்தியாகவேண்டும் என்ற ஃபெராரியின் தேவையால் பிறந்த கார் அது. பெர்தோனே நிறுவனம் செய்த உடல். பதினோரு ஆண்டு நின்றிருந்தது. ‘ஒரு வாரத்து வேலைதான், எஞ்சின் ஓடுவதைக் காதால் கேட்டுவிட்டோம்’ என்றார் விற்றவர். அவர் சொன்னது உண்மைதான். எங்களுக்குக் காட்டுவதற்காகவே முதல் நாள் புதிய பேட்டரியும் புதிய பெட்ரோலும் போட்டு அதைக் கிளப்பியிருக்கிறார். பிரித்துப் பார்த்தபோது, இரண்டு சிலிண்டர்களில் துருவோடு ஒட்டியிருந்த பிஸ்டன் ரிங்குகள் உடைந்து, சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்திருந்தது. ஒரு வால்வு வளைந்திருந்தது. அந்தக் காரைத் தொடாமல், நின்ற இடத்திலேயே எங்களிடம் ஒப்படைத்திருந்தால் அந்த எஞ்சின் பிழைத்திருக்கும். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஓடவைத்துக் காட்டுவதுதான் நேர்மை என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் எஞ்சினைக் கொன்றது.

நெடுநாள் நின்ற எஞ்சினுக்குள் நடப்பதை விற்பவர்கள் சிறிது தெரிந்துகொள்ளவேண்டும். நிறுத்திய நாளில் எந்த வால்வுகள் திறந்திருந்தனவோ அந்தச் சிலிண்டர்களுக்குள் ஈரக்காற்று போகும். ரிங் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு துரு வளையம் பிடிக்கும். கேம் ஷாஃப்டிலும் தாங்கிகளிலும் இருந்த எண்ணெய்ப் படலம் எப்போதோ கீழே வடிந்திருக்கும். பெட்ரோல் ஆவியாகி, எஞ்சியது பிசினைப் போல இறுகி, வால்வின் தண்டை அதன் குழாயோடு ஒட்டவைக்கும். இந்த நிலையில் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஒட்டிய வால்வு மூடமறுக்கும், மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கும். இவ்வளவும் நடக்க ஒரு நொடி போதும். கயிறு கட்டி இழுத்துக் கியரில் விட்டுக் கிளப்புவது இதைவிடவும் மோசம்.

அண்ணனின் காரில் நான் செய்தது மிகக் குறைவு. 12 பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மெல்லிய எண்ணெய் விட்டுப் பத்து நாள் காத்திருந்தேன். பிறகு கேமரா பொருத்திய மெல்லிய குழலை உள்ளே விட்டு ஆறு சிலிண்டர்களையும் படமெடுத்தேன். அதன் பின்னரே கிராங்க்கின் முனையில் ஸ்பேனரைப் பொருத்திக் கையால் மெதுவாகத் திருப்பினேன். முதலில் கால் சுற்று. மறுநாள் அரைச் சுற்று. எங்கும் முட்டாமல் முழுச் சுற்று வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நான்காவது சிலிண்டரில் லேசான துருக்கறை தெரிகிறது. அந்தப் படத்தையும் மற்றவற்றோடு வைத்திருக்கிறேன். ‘எஞ்சின் கையால் சுற்றுகிறது, கிளப்பிப் பார்க்கப்படவில்லை’ என்பதுதான் நான் எழுதக்கூடிய உண்மை. அதற்கு மேல் ஒரு சொல்லும் எனக்கு உரிமையில்லை.

உடலைப் பற்றிச் சொல்வது இன்னும் கடினம். மிலான் நகரத்து டூரிங் நிறுவனம், 1930-களில் தான் உருவாக்கிய ‘சூப்பர்லெஜ்ஜேரா’ முறையில் இந்தக் கார்களின் உடலைக் கட்டியது. ‘மிக இலேசானது’ என்று அதற்குப் பொருள். விரல் பருமனுள்ள எஃகுக் குழாய்களை வளைத்துக் கூடுபோல் பற்றவைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி ஓரங்களை மடித்துவிடுவார்கள். எடை குறைவு, அழகோ சொல்லிமுடியாது. ஆனால் எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் இரு உலோகங்களுக்கிடையே ஒரு மின்கலம் போன்ற வேதிவினை தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். பெயின்டின் மேல் சிறு கொப்புளங்களாக அது தெரியும்போது உள்ளே பெரும்பகுதி போயிருக்கும். எஃகு உடலில் காந்தத்தை ஒட்டிப் பார்த்து, ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வழி இதில் செல்லாது. அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது. இரும்பல்லாத உலோகத்தின் மேலும் பெயின்டின் கனத்தை அளக்கும் கருவிதான் வேண்டும். நான் ஒன்றை இரவல் வாங்கி, கார் முழுதும் அளந்து, ஒரு வரைபடத்தில் குறித்திருக்கிறேன். இடது கதவின் அடிப்புறத்திலும் பின்சக்கர வளைவிலும் கனம் மிகுதி. அங்கே பழைய டிங்கரிங் வேலை நடந்திருக்கிறது. எப்போது, ஏன் என்று அண்ணனின் கணக்குப் புத்தகத்தில் குறிப்பில்லை. தெரியாதென்றே எழுதுவேன்.

விற்பனைக்கு உதவ முன்வந்த ஒரு தரகர் காரைப் பார்த்துவிட்டு இரண்டு யோசனைகள் சொன்னார். ஒன்று, மேலோட்டமாகத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிப்பது. மற்றது, எப்படியாவது கிளப்பி, சைலன்சரில் புகை வருவதை ஒரு நிமிட வீடியோவாக எடுப்பது. இரண்டுமே விலையை உயர்த்தும் என்றார். உயர்த்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுப் பெயின்ட், வாங்குபவர் படித்தறியவேண்டிய சாட்சியத்தை அழித்துவிடும். கொப்புளம் இருக்கும் பழைய பெயின்ட் அவரிடம் உண்மை பேசுகிறது. பளபளக்கும் புதிய பெயின்டின் கீழே என்ன இருக்கிறது என்பதை உரித்தால் ஒழிய யாராலும் சொல்லமுடியாது. மேலும், 1962-இல் பூசிய வண்ணம் ஒரு காரின்மேல் ஒருமுறைதான் இருக்கமுடியும். பழமை வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2012-இல் டூரின் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனமும் இந்தக் கருத்தின் மேலேயே நிற்கிறது: இருப்பதைக் காப்பதே முதல் கடமை, மாற்றுவது அவசியம் நேரும்போது மட்டுமே.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. 2015 பிப்ரவரியில் பாரீஸில் ஆர்க்கூரியல் ஏல நிறுவனம், பையோன் குடும்பத்தின் பண்ணையில் கண்டெடுத்த கார்களைத் தூசியும் துருவுமாக, இருந்தபடியே ஏலத்துக்கு விட்டது. பழைய பத்திரிகைக் கட்டுகளின் கீழே கிடந்த ஒரு ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர் 1.6 கோடி யூரோவைத் தாண்டி விற்றது. அன்றுமுதல், தூசிக்கே விலை உண்டு என்ற எண்ணம் பரவிவிட்டது. தூசி ஈரத்தை இழுத்து வைக்கும். எலிகள் இருக்கைக்குள் கூடு கட்டும், வயரிங்கைக் கடிக்கும். நான் காரைத் துடைத்திருக்கிறேன், எலிக்கூட்டை எடுத்திருக்கிறேன், இருக்கைத் தோலுக்கு மருந்து தடவியிருக்கிறேன். துடைப்பதற்கு முன் எடுத்த படங்கள் இருக்கின்றன. காரைக் கெடவிட்டு அதைப் பழமை என்று விற்பதும் ஒரு மறைப்பே.

இனி அந்த அரிய பொருளுக்கு வருகிறேன். 3500-இன் முதற்கார்களில் மூன்று வெபர் கார்புரேட்டர்கள் இருந்தன. 1961-இல் வந்த ஜிடிஐ வடிவத்தில் அவற்றுக்குப் பதிலாக லூகாஸ் நிறுவனத்தின் இயந்திர வழிப் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பைப் பொருத்தினார்கள். இத்தாலியத் தொடர் உற்பத்திக் காரில் அத்தகைய அமைப்பு வந்தது அதுவே முதன்முறை. மின்சாரப் பம்பு பெட்ரோலை உயர் அழுத்தத்தில் அனுப்ப, எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஓர் அளவுக் கருவி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். சரியாக அமைத்தால் அருமையாக ஓடும். ஆனால் அதைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். ஆகவே உலகெங்கும் ஜிடிஐ உரிமையாளர்கள் அதைக் கழற்றிவிட்டு வெபரைப் பொருத்திக்கொண்டார்கள். கழற்றிய பாகங்கள் பெரும்பாலும் பழைய இரும்புக்குப் போயின. அண்ணனும் வெபருக்கு மாற்றினார். ஆனால் பம்பு, அளவுக் கருவி, ஆறு பீய்ச்சிகள், குழாய்கள், அவற்றைத் தாங்கும் வார்ப்புகள் என ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பெயர் எழுதிய சீட்டு கட்டி, ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார்.

அந்தப் பெட்டியை மட்டும் தனியாகக் கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகை என்னைச் சற்றுத் தயங்கவைத்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டி போய்விட்டால் இந்தக் கார் இனி ஒருபோதும் பிறந்தபடி ஆகமுடியாது. வெபரோடு ஓட்டுவதா, லூகாஸுக்குத் திரும்புவதா என்ற முடிவு அடுத்த உரிமையாளருக்கு உரியது. அந்த முடிவை எடுக்கும் வாய்ப்பை நான் விற்றுவிடக்கூடாது. இதுபோன்ற கார்களை வைத்திருக்கும் வாசகர்களிடம் இதை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: கழற்றிப் போட்ட பாகம் உங்களுக்குக் குப்பையாகத் தோன்றினாலும் காரிலிருந்து பிரிக்காதீர்கள்.

ஆவணங்களைப் பற்றி ஒரு சொல். இந்த வகைக் கார்களில் சேஸி (அடிச்சட்டம்) எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றே. ஏஎம் 101 என்று தொடங்கும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்பதைக் காரின் அடையாளத் தகட்டைப் பார்த்துச் சொல்லக்கூடாது, ஏனெனில் தகட்டை யாரும் மாற்றிப் பொருத்தலாம். சேஸியிலும் எஞ்சினிலும் பொறித்த எண்களைச் சுரண்டாமல், மென்மையாகத் துடைத்துப் படமெடுக்கவேண்டும். தொழிற்சாலைப் பதிவேடுகளின் அடிப்படையில் காரின் பிறப்பு விவரங்களை உறுதிசெய்யும் வழி மசெராட்டியிடம் இருக்கிறது. விற்பதற்கு முன்பே அதற்கு விண்ணப்பித்துவிட்டேன். அண்ணனின் ரசீதுகள், கடிதங்கள், ஓட்டக் குறிப்புகள் அனைத்தையும் ஆண்டு வரிசைப்படி அடுக்கியிருக்கிறேன்.

மற்றவை சுருக்கமானவை. டயர்களின் பக்கச்சுவரில் 2000-க்குப் பின் செய்தவற்றில் கடைசி நான்கு இலக்கங்கள் வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். இந்தக் காரின் டயர்களில் அவை இல்லை என்பதே அவற்றின் வயதைச் சொல்லிவிடுகிறது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது, ஆகவே பிரேக்கின் பிஸ்டன்கள் இறுகியிருக்கின்றன. கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் எதிர்பார்க்கத்தக்கவை, உண்மையான மறுஇயக்கப் பணி என்பது இவைதான்.

இவ்வளவையும் வெளிப்படையாகச் சொன்னால் விலை இறங்கிவிடாதா என்று தரகர் கேட்டார். என் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. விவரமறிந்த வாங்குபவர், தமக்குத் தெரியாத ஒவ்வொன்றும் மோசமாகவே இருக்கும் என்று வைத்துத்தான் விலை சொல்வார். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. நான் காட்டும் ஒவ்வொரு படமும், கசப்பான படமும்கூட, அவருடைய அச்சத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறது. அவர் தம் மெக்கானிக்கை அழைத்துவந்து இரண்டு நாள் பார்க்கட்டும். காரைக் கிளப்பமட்டும் விடமாட்டேன்.

தங்கள் இதழின் வரி விளம்பரப் பகுதியில் பழமையான கார்களுக்குத் தனித் தலைப்பு இருக்கிறது. அதில் விளம்பரம் தருபவர்களிடம் கடைசியாக ஓடிய ஆண்டு, எஞ்சின் கையால் சுற்றுகிறதா, எண்கள் ஒத்திருக்கின்றனவா என்ற மூன்றை மட்டுமாவது கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். என் விளம்பரத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் அனுப்புவேன்:

‘மசெராட்டி 3500 ஜிடிஐ, 1962, டூரிங் உடல். 1996-இல் கடைசியாக ஓடியது. எஞ்சின் கையால் சுற்றுகிறது; கிளப்பிப் பார்க்கப்படவில்லை; நான்காம் சிலிண்டரில் துருக்கறை. சேஸி, எஞ்சின் எண்கள் ஒன்றே. இடது கதவிலும் பின் வளைவிலும் பழைய டிங்கரிங் வேலை, காலம் தெரியாது. பிரேக், கிளட்ச், டயர், ஹோஸ் அனைத்தும் மாற்றவேண்டும். இப்போது வெபர் கார்புரேட்டர். லூகாஸ் பாகங்கள் முழுவதும் மரப்பெட்டியில், காருடன் மட்டுமே.’

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கார் மெக்கானிக்